சுரினாம் சென்ற வழிகள்

தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகரையில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கியவாறு, சுரினாம் என்றொரு நாடு இருக்கிறது. அக்கண்டத்தின் சுதந்திர நாடுகளுள் பரப்பால் மிகச் சிறியது அதுவே. அந்நாட்டுக்குச் செல்லும் முஸ்லிம் பயணி ஒருவர், ஜாவானியர் வாழும் சிற்றூர்களில் ஒரு புதுமையைக் காண்பார். அங்கே இருவகைப் பள்ளிவாசல்கள் உள்ளன. இரண்டிலும் ஒலிப்பது ஒரே பாங்கு. ஓதப்படுவது ஒரே திருமறை. ஆனால் ஒன்றில் தொழுவோர் கிழக்கு நோக்கி நிற்கின்றனர்; மற்றொன்றில் மேற்கு நோக்கி. முதுகோடு முதுகு சேர்த்து நிற்பது போன்ற இந்நிலை நேற்று இன்று தோன்றியதன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நீடிப்பது.

உலகப் படத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஐயத்திற்கு இடமில்லை. சுரினாமின் தலைநகரான பாரமாரிபோவிலிருந்து மக்கா, கிழக்கில் சற்றே வடக்காகச் சாய்ந்து இருக்கிறது. ஜாவாவிலிருந்து பார்த்தாலோ அது மேற்கில் சற்றே வடக்காக இருக்கிறது. அவ்வாறாயின், மேற்கு நோக்குவோர் சுரினாமில் இருந்துகொண்டே ஜாவாவின் கிப்லாவை நோக்கித் தொழுகின்றனர் என்பது பொருள். படிப்பறியாமை என்று இதனை ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாது. அம்மக்கள் அந்நாட்டுக்கு எவ்வழியாக வந்தனர், யார் அழைத்து வந்தனர், திரும்பிச் செல்ல வழி இருந்ததா என்னும் வினாக்களோடு பிணைந்த செய்தி இது. ஆதலின் சுரினாம் சென்ற வழிகளை முதலிலிருந்தே பார்த்து வருவோம்.

அந்நாட்டின் ஆறுகள் யாவும் தெற்கே காட்டிலும் மேட்டிலும் பிறந்து, வடக்கே கடலில் விழுவன. மேற்கெல்லையில் கோரன்டைன், கிழக்கெல்லையில் மாரோவைன், இடையில் கோப்பநாமே, சரமக்கா, சுரினாம், கொமவைன் எனப் பல. நாட்டின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இன்றும் அடர்ந்த காடு. மக்களுள் பெரும்பாலோர் கடலோரத்துத் தாழ்நிலத்தில் வாழ்கின்றனர். எனவே கிழக்கு மேற்காகச் செல்ல விரும்பியவர் ஆற்றுக்கு ஆறு படகு தேட வேண்டியிருந்தது. உள்நாட்டுக்குச் செல்ல விரும்பியவருக்கு ஆறே சாலையாயிற்று. இந்நிலத்தை 1667-இல் ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவ்வாண்டில் நிறைவேறிய பிரேடா உடன்படிக்கையின்படி சுரினாம் ஒல்லாந்தருக்கும், வட அமெரிக்காவில் அவர்களிடமிருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயருக்கும் உரியவையாயின. பின்னது இன்றைய நியூயார்க் நகரம்! அந்நாளில் கரும்பின் மதிப்பு அத்தகையது.

கரும்பு இருந்தது, அதனை வெட்டக் கைகள் வேண்டும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்டனர். 1863 ஜூலை முதல் நாள் அடிமை முறை ஒழிந்தபோது விடுதலை பெற்றவர்களின் தொகையோ முப்பதாயிரத்தைச் சற்றே கடந்தது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத் தோட்ட வாழ்வு எத்தகையது என்று வேறெவரும் விளக்க வேண்டியதில்லை. தப்பியோடியோர் ஆறுகளின் வழியே மேலேறினர். பாறைகளுக்கிடையே நீர் சுழன்று பாயும் இடங்களைக் கடந்துவிட்டால் வீரர்களின் படகுகள் பின்தொடர்வது அரிது. அவ்வாறு காட்டுக்குள் குடியேறிய நிடியூகா மக்களோடு 1760-லும், சரமக்கா மக்களோடு 1762-லும் ஒல்லாந்தர் சமாதான உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. அடிமைகளாகக் கொணர்ந்தவர்களுடனேயே எசமானர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர் என்பது வரலாற்றில் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று.

விடுதலை பெற்றவர்கள் மேலும் பத்தாண்டுகள் அரசின் மேற்பார்வையில் தோட்டங்களில் உழைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பத்தாண்டு 1873-இல் முடிவுற்றது. அதே ஆண்டில் இந்தியக் கூலிகளின் முதற் கப்பல் வந்து சேர்ந்தது. தற்செயலன்று, ஒல்லாந்து அரசு 1870-லேயே பிரிட்டனோடு உடன்படிக்கை செய்து, ஆள் எடுக்கும் உரிமையைப் பெற்றிருந்தது.

அக்கப்பலின் பெயர் லல்லா ரூக். தாமஸ் மூர் என்னும் அயர்லாந்துக் கவிஞர் 1817-இல் வெளியிட்ட காவியத்தின் தலைவி பெயர் அது. ஔரங்கசீப் சக்கரவர்த்தியின் மகளாக அவளைப் புனைந்திருக்கிறார் கவிஞர். தில்லியிலிருந்து காஷ்மீரத்துக்கு மணமகளாகப் பல்லக்கில் செல்லும் இளவரசியின் பெயரைச் சூடிய கப்பலில், 1873 பிப்ரவரியில், கல்கத்தாத் துறைமுகத்தில் 410 ஏழைகள் ஏற்றப்பட்டனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து ஜூன் 4-ஆம் நாள் அது சுரினாம் ஆற்று முகத்தை அடைந்தபோது உயிரோடிருந்தவர் 399 பேர். மறுநாள் அவர்கள் கரையிறங்கினர். 1916 வரையில் 64 கப்பல்களில் மொத்தம் 34,304 பேர் இவ்வாறு சென்றனர். அவர்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர்.

தமிழ் வாசகர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். சுரினாமுக்கான கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே புறப்பட்டன; சென்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார்ப் பகுதியினர். சென்னை, புதுவை, காரைக்கால் துறைகளில் ஏறிய நம்மவர் சென்றது அண்டை நாடான பிரிட்டிஷ் கயானாவுக்கும், மார்ட்டினிக், குவாதலூப் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்கும். அது வேறு கதை.

கல்கத்தா வழியாகச் சென்றவருள் ஒருவர் மட்டும் தம் கதையைத் தாமே எழுதி வைத்தார். அவர் முன்ஷி ரஹ்மான் கான். ஹமீர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பட்டாணியர் குடும்பத்தில் 1874-இல் பிறந்து, பள்ளியில் பயின்று, ஆசிரியப் பணியும் பார்த்தவர். கான்பூருக்குச் சென்ற இடத்தில் ஆள்பிடிப்போரின் இனிய சொற்களில் மயங்கினார். 1898-இல் சுரினாமில் இறங்கினார். படித்த ஒருவரே இவ்வாறு சிக்கினார் என்றால் பாமரர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ‘அர்க்காட்டி’ என வட இந்தியாவில் அழைக்கப்பட்ட அந்த ஆள்பிடிப்போர், சுரினாம் என்னும் பெயரை ‘ஸ்ரீராம்’ என்று திரித்து, இராமபிரானின் நாட்டுக்கு அழைத்துச் செல்வதாக இந்துக்களை நம்பவைத்த செய்தி அம்மக்களிடையே இன்றும் வழங்கி வருகிறது.

ரஹ்மான் கான் துளசிதாசரின் இராமாயணத்தில் தோய்ந்தவர். அதனை இந்துக்களுக்குக் கற்பித்தவர். ஹிந்தி மொழியில் தேவநாகரி எழுத்தில் கவிதை புனைந்தவர். தொழுகையாளியான ஒரு முஸ்லிம் கடல் கடந்த நாட்டில் இராமாயண ஆசானாக விளங்கியதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னாளில் பசுவதையை முன்னிட்டு அங்கே இந்து முஸ்லிம் பூசல் மூண்டபோது அவர் பட்ட வேதனையும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியுள்ளது. ஒரே கப்பலில் வந்தவர்கள் ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பல் உடன்பிறப்பு, என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். அந்த உறவு இரத்த உறவுக்கு நிகராக மதிக்கப்பட்டது. கப்பல் உறவினரின் மக்களிடையே மணம் பேசவும் தயங்கினர். அந்த உறவையும் மீறி வந்த பூசல் அல்லவா அது! ரஹ்மான் கான் தாயகம் திரும்பவேயில்லை. 1972-இல் சுரினாமிலேயே காலமானார். ‘ஜீவன் பிரகாஷ்’ எனத் தலைப்பிட்டு அவர் எழுதி வைத்த வரலாறு, அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே டச்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சேறியது.

இந்தியக் கூலிகள் பிரிட்டிஷ் குடிமக்கள். தொல்லை நேர்ந்தால் பிரிட்டிஷ் தூதரிடம் முறையிடலாம். தோட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. தம் ஆட்சிக்குட்பட்ட ஜாவாவிலிருந்தே ஆள் எடுத்தால் கேட்பவர் யாருமிலர் அல்லவா? 1890 ஆகஸ்ட் 9-ஆம் நாள் முதற் குழுவாக 94 ஜாவானியர் வந்து இறங்கி, கொமவைன் ஆற்றங்கரையிலிருந்த மாரியன்பர்க் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். 1939 வரையில் வந்தவர்கள் 32,956 பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சாவகம் எனப் பண்டைத் தமிழ் நூல்கள் குறிப்பிடும் அந்தத் தீவின் மைந்தர்கள் நம் காலத்துக்குச் சற்று முன்பு வரை இவ்வாறு பூமியின் மறுபக்கத்துக்கு ஏற்றுமதி செய்யப்பட்டனர்.

முதற் குழுவினர் வந்த வழியை இங்கே விரிவாகக் கவனிக்க வேண்டும். அவர்கள் பத்தேவியாவில் ஏறி, சூயஸ் கால்வாயின் வழியாக முதலில் ஒல்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து சுரினாமை அடைந்தனர். ஆகவே செங்கடல் வழியே சென்றிருக்கின்றனர். ஹாஜிகள் இறங்கும் ஜித்தாவை ஒட்டிய கடல் அது. அதுகாறும் அவர்களுக்கு முன்னே மேற்கில் இருந்த மக்கா, அந்தக் கடலில் வலப்புறம் கிழக்கே வந்தது. பின்பு சூயஸைக் கடந்து மேற்கே செல்லச் செல்லப் பின்னால் தங்கிவிட்டது. கப்பலின் அடித்தளத்தில் இருந்தோருக்கு இதனை எவரும் எடுத்துக்கூறியிருப்பர் என்று நமக்குத் தோன்றவில்லை. கரையிறங்கிய பின், தந்தையும் பாட்டனும் நின்ற திசையிலேயே அவர்கள் நின்றனர். பின்னர் பள்ளிவாசல்கள் எழுந்தபோது மிஹ்ராபும் மேற்கிலேயே அமைந்தது.

இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களும் தாயகத்தில் மேற்கு நோக்கித் தொழுதவர்களே. ஆனால் சுரினாமில் அவர்கள் கிழக்கே திரும்பினர்.

சரி, வந்து சேர்ந்தவர்கள் நாட்டுக்குள் நடமாட முடிந்ததா? ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றம். அடுத்த தோட்டத்திலிருக்கும் கப்பல் உறவினரைக் காணவும் இசைவு வேண்டும். 1902 ஜூலையில் மாரியன்பர்க்கில் கூலிக் குறைப்பால் கொதித்தெழுந்த தொழிலாளர் தோட்ட நிர்வாகி ஜேம்ஸ் மேவரைக் கொன்றனர். மறுநாள் படையினர் சுட்டதில் 24 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களை ஒரே குழியில் புதைத்தனர்.

ஒப்பந்தம் முடிந்தவருக்கு இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமை உண்டு. ஆனால் 1895 முதல் அந்த உரிமையைக் கைவிடுவோருக்கு ஒரு துண்டு நிலமும் 100 கில்டரும் தரப்பட்டன. நூறு கில்டர் ஏழைக்குப் பெருந்தொகை. ஆயினும் இந்தியர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதனை மறுத்துத் திரும்பியிருக்கின்றனர். எஞ்சியோர் தங்கினர். கடலோரத்துச் சதுப்பு நிலத்தில் நெல் விளைந்தது அவர்களாலேதான்.

உள்நாட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதையும் மக்களுக்காக எழுந்ததன்று, பொன்னுக்காக எழுந்தது. தென்கிழக்கே லாவா ஆற்றுப் பகுதியில் தங்கம் கிடைக்கிறது எனக் கேட்டு, 1903-இல் வேலையைத் தொடங்கினர். அப்போது ஆளுநராக இருந்தவர், பின்னாளில் ஒல்லாந்தில் கடலை அணைகட்டித் தடுத்த திட்டத்தால் புகழ்பெற்ற பொறியாளர் கார்னெலிஸ் லெலி. 173 கிலோமீட்டர் சென்றதும் பணம் தீர்ந்தது. பொன்னும் எதிர்பார்த்த அளவில் இல்லை. பாதை லாவாவை எட்டவேயில்லை. இடையில் சுரினாம் ஆற்றுக்குப் பாலம் கட்டவும் வகையில்லாமல், காபெல் என்னும் இடத்தில் கம்பி வடத்தில் தொங்கும் பெட்டியில் பயணிகள் அக்கரை சேர்ந்து, அங்கே வேறு இரயிலில் ஏறினர். ஒரு பயணச்சீட்டில் தரையும் வானமும் கண்டோர் அவர்கள்!

அந்த இரயிலுக்கும் ஆயுள் நீளவில்லை. அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டி அஃபோபாக்காவில் அணை கட்டினர். 1964-இல் நீர் தேங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் காடு மூழ்கியது. இருப்புப் பாதையின் தென்பகுதியும் நீருக்கடியில் சென்றது. சரமக்கா மக்களின் சிற்றூர்கள் பல அழிந்து, ஏறத்தாழ 6,000 பேர் இடம்பெயர்ந்தனர். நீரில் தத்தளித்த விலங்குகளைக் காப்பாற்ற அயல்நாட்டுத் தொண்டர்கள் வந்து, ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் படகில் ஏற்றி மீட்டனர்; உலகம் அதனைப் போற்றியது. நல்ல செயல்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் உடன்படிக்கை செய்து பெற்ற மண்ணை இழந்த மனிதர்களைப் பற்றி அதே அளவுக்கு எவரும் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எஞ்சிய இருப்புப் பாதையிலும் 1980-களில் ஓட்டம் நின்றது.

இன்று அந்நாட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து விமானம் ஏறி, ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில், பாரமாரிபோவுக்குத் தெற்கே 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸாண்டரை நிலையத்தில் இறங்குகின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது, சுரினாமின் பாக்சைட் சுரங்கங்களைக் காக்க வந்த அமெரிக்கப் படையினர் விரிவாக்கிய விமானத்தளம் அது. தரைவழியாக வருவோர் மேற்கே கயானாவிலிருந்து கோரன்டைனைப் படகில் கடக்கலாம். கிழக்கே பிரெஞ்சு கயானாவிலிருந்து மாரோவைனைக் கடந்து அல்பினாவில் இறங்கலாம். தெற்கே பிரேசிலோடு எல்லை உண்டு, சாலை இல்லை. நாட்டில் வண்டிகள் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. தலைநகரை ஒட்டிச் சுரினாம் ஆற்றின் மீது பாலம் எழுந்ததே 2000-ஆம் ஆண்டில்தான். அதுவரை வண்டியும் மனிதரும் படகை நம்பியே இருந்தனர். உள்நாட்டுச் சரமக்கா ஊர்களுக்குச் செல்வோர் அட்ஜோனி என்னுமிடத்தில் சாலை முடிந்ததும், மரத்தைக் குடைந்து செய்த நீண்ட தோணியில் ஏற வேண்டும். இப்போது மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். ஆயினும் பாறைகளுக்கிடையே தோணியைச் செலுத்த முன்னணியத்தில் நிற்பவனின் கண்ணும் கோலும் இல்லாமல் முடியாது.

தலைநகரில் கெய்ஸர் வீதியைக் காணாமல் எந்தப் பயணியும் திரும்புவதில்லை. அங்கே 1984-இல் கட்டி முடிக்கப்பட்ட உயர்ந்த மினாராக்களையுடைய பள்ளிவாசலும், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த யூதர்களின் ஆலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆலயத்தின் தரையில் மணல் பரப்பியிருக்கிறார்கள். விழா நாட்களில் ஒருவர் வளாகத்தில் மற்றவர் வண்டிகளை நிறுத்திக்கொள்ள இடமளிப்பது வழக்கமாம். ஈதுப் பெருநாள் அந்நாட்டில் பொது விடுமுறை. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுள் இந்த விகிதமே மிகுதி.

ஒல்லாந்து வழியாக வந்த ஜாவானியரின் பேரப் பிள்ளைகள் ஒல்லாந்துக்கே சென்ற காலமும் வந்தது. 1975 நவம்பர் 25-இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் விமானமேறி ஒல்லாந்துக்குக் குடிபெயர்ந்தனர். நான்கு லட்சத்தையும் எட்டாத மக்கள் தொகையில் இது எவ்வளவு பெரிய இழப்பு! ஜாவானியர், இந்தியர், ஆப்பிரிக்கர் என எல்லாப் பிரிவினரும் சென்றனர். 1986 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 1986 நவம்பர் 29-இல் மொய்வானா என்னும் ஊரில் படையினர் குழந்தைகள் பெண்கள் என்றும் பாராமல் குறைந்தது 39 பேரைக் கொன்றனர். அப்போரில் ஆயிரக்கணக்கானோர் மாரோவைனைக் கடந்து பிரெஞ்சு கயானாவில் அடைக்கலம் புகுந்தனர். ஆம்ஸ்டர்டாமுக்கும் ஸாண்டரைக்கும் இடையிலான வான்வழியும் கண்ணீர் கண்டது: 1989 ஜூன் 7-ஆம் நாள் அதிகாலை மூடுபனியில் இறங்க முயன்ற விமானம் நொறுங்கி, அதிலிருந்த 187 பேரில் 176 பேர் மாண்டனர். விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்துகொண்டிருந்தவர்கள் அவர்களுள் பலர்.

இனி மிஹ்ராபுக்குத் திரும்புவோம். 1930-களில் ஜாவானியரிடையே சீர்திருத்தம் நாடியோர் எழுந்து, மக்கா கிழக்கிலேயே உள்ளது, நாம் திரும்பியாக வேண்டும் என்றனர். முதியோர் இசையவில்லை. ஊர்கள் பிரிந்தன, பள்ளிகள் பிரிந்தன. மேற்கு நோக்குவோர், கிழக்கு நோக்குவோர் என்பதே இரு சாராருக்கும் பெயராகிவிட்டது. ஷரீஅத்தின் படி கிழக்கு நோக்கியோர் கூற்றே சரி. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. எனினும் அந்த முதியோரை எள்ளி நகையாட மனம் வரவில்லை. கப்பலேறிய நாளில் அவர்கள் எடுத்துச் செல்ல முடிந்தவை மிகச் சில. அச்சிலவற்றுள் அத்திசையும் ஒன்று.

தாயகம் திரும்பும் ஆசையும் அணையவில்லை. இந்தோனேசியா விடுதலை பெற்றபின், சாலிகின் ஹார்ஜோ என்பவரின் தலைமையில் ஒரு கூட்டம் பணம் சேர்த்துக் கப்பல் அமர்த்தியது. 1954-இல் லங்குவாஸ் என்னும் கப்பலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் புறப்பட்டனர். பலர் சுரினாமிலேயே பிறந்தவர்கள். ஜாவாவைக் கண்ணால் கண்டறியாதவர்கள். ஆனால் நெருக்கம் மிகுந்த ஜாவாவில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மேற்குச் சுமத்ராவில் தோங்கார் என்னும் காட்டு நிலத்தைக் காட்டினார்கள். மரங்களை வெட்டிச் சாய்த்து, அங்கே ஊர் அமைத்தனர். நாளடைவில் இளைஞர்கள் பலர் வேலை தேடி வேறிடங்களுக்குச் சென்றுவிட்டனர். தோங்காரில் கிப்லா மேற்கே இருக்கிறது.